மெதுவாகப் போன சிவப்பு வண்டி

அந்த வீடியோவில் நான் கத்துவது உண்மைதான். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு, ஒரு ஆளின் முகத்துக்கு நேராக விரலை நீட்டிக் கத்துகிறேன். எனக்குப் பின்னால் என் சிவப்பு வண்டி நிற்கிறது. அதற்கும் அப்பால், ஏரிக்கரைச் சரிவில், பெரிய வெள்ளை வண்டி ஒன்று மூக்கைச் சேற்றில் புதைத்துக் கிடக்கிறது. ‘ஸ்போர்ட்ஸ் காரில் ரேஸ் ஓட்டிக் குடும்பத்தையே கவிழ்த்த பெண்’ என்று மேலே எழுதிப் போட்டிருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் நம்பினார்கள். கேன்டீனில் எனக்குத் தினமும் சாப்பாடு போடும் அக்காகூட, “ஏம்மா, கொஞ்சம் மெதுவா போயிருக்கக் கூடாதா?” என்று கேட்டார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலை செய்கிறேன். புதிதாகச் செய்த வண்டிகளைச் சோதனைப் பாதையில் ஓட்டிப் பார்த்து, எங்கே தடுமாறுகிறது, எங்கே இழுக்கிறது என்று சொல்வது என் வேலை. சொந்த ஊர் தாமலுக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு கிராமம். அம்மா அங்கே அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் என்னை டிப்ளமா படிக்கவைத்தாள். இப்போதும் நாங்கள் இருவரும் அதே ஊரில், சர்ச்சுக்குப் பின்புறம் உள்ள தெருவில்தான் இருக்கிறோம். ஊர்க்காரர்கள் அதைத் தெரு என்று சொல்லமாட்டார்கள், காலனி என்பார்கள்.

ஒரு குளிர்காலத்தில் கம்பெனி எங்களில் சிலரை வெளிநாட்டுக்கு அனுப்பியது. அங்கே உறைந்துபோன ஏரி ஒன்றின் மேல் வளைந்து வளைந்து பாதை போட்டிருந்தார்கள். அதில் பின்சக்கரம் தள்ளுகிற வண்டிகளை ஓட்டப் பழக்கினார்கள். எஞ்சின் முன்னால் இருக்கும், அதன் பலமெல்லாம் பின்சக்கரங்களுக்குப் போகும். நம் ஊர் லாரியும் அப்படித்தான். ஆனால் லாரிக்குப் பின்னால் பாரம் இருக்கும். ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. வழுக்குகிற தரையில் ஆக்ஸிலேட்டரை ஒரு விரல் அளவு கூடுதலாக மிதித்தால் போதும், வண்டியின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொள்ளப் பார்க்கும். பயந்துபோய் பிரேக்கை மிதித்தால் பம்பரமாகச் சுற்றும். சட்டென்று காலை எடுத்தாலும் சுற்றும். பின்பக்கம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை அளவாகத் திருப்பி, கண்ணைப் போகவேண்டிய இடத்தில் வைத்து, மூச்சை விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதல் வாரம் முழுக்க நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். பிறகு வசப்பட்டது.

ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், ஏரிமேல் வண்டி ஓட்டினேன் என்று. அவள் நம்பவில்லை.

“ஏசுசாமியே தண்ணிமேல நடந்துதான் போனாரு. நீ கார் ஓட்டினியா? யார்கிட்ட கதை விடுற?” என்றாள்.

அப்படி ஒரு வண்டி சொந்தமாக வேண்டும் என்ற ஆசையில்தான் சில வருடங்கள் கழித்துச் சென்னையில் ஒருவரிடமிருந்து ஒரு பழைய சிவப்பு வண்டியை வாங்கினேன். பல கை மாறிய வண்டி. இரண்டே சீட். வாங்கியதும் நான் முதலில் செய்தது டயரை மாற்றியதுதான். ஈரத்தில் பிடிக்கும் நல்ல டயராகத் தேடிப் போட்டேன். வண்டியை ஊருக்குள் கொண்டுவந்த நாளிலிருந்து எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எவ்வளவு வேகம் போகும்? எவ்வளவு மெதுவாகப் போகும் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த வண்டியில் அதுதான் கஷ்டம்.

அன்று மார்கழி மாதத்துக் காலை. அம்மாவுக்குக் கண் காட்டக் காஞ்சிபுரம் கிளம்பினோம். நேரத்தோடு போனால்தான் டோக்கன் கிடைக்கும். எங்கள் பக்கம் மார்கழிப் பனி உறையாது. ஏரியிலிருந்து வெள்ளையாக எழுந்து, வயலையும் பாதையையும் மூடிவிடும். பத்தடிக்கு அப்பால் எருமை நின்றாலும் தெரியாது. அதோடு அந்த வருடம் இன்னொரு தொல்லை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் யாரோ வீட்டுமனை போடுவதற்காகத் தாழ்ந்த நிலத்தில் மண் அடித்துக்கொண்டிருந்தார்கள். டிப்பர் லாரிகள் தார்ப்பாய்கூடக் கட்டாமல் ஈரக் களிமண்ணை ரோடெல்லாம் சிந்திக்கொண்டு போகும். அதன்மேல் பனி இறங்கினால் ரோடு வெண்ணெய் தடவின தட்டுதான். அந்தக் களிமண்ணை விட உறைந்த ஏரியே தேவலை என்பேன். ஏரி முழுக்க ஒரே மாதிரி வழுக்கும், நாமும் அதற்குத் தயாராக இருப்போம். இங்கே ஒரு சக்கரம் தார் ரோட்டில் இருக்கும், இன்னொன்று களிமண்ணில் இருக்கும்.

நான் இரண்டாவது கியரில், காலை இறகு மாதிரி வைத்துக்கொண்டு போனேன். சைக்கிளில் பால் கொண்டுபோகிறவர் எங்களைத் தாண்டிப் போனார். அம்மா டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இதுக்கு நடந்தே போயிருக்கலாம்” என்றாள்.

அந்த நேரம்தான் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. கண்ணாடியில் இரண்டு பெரிய விளக்குகள் தெரிந்தன. உயரமான வண்டி. விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது. ஹாரனை எடுக்கவே இல்லை. ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் சரிவு, கீழே வயல். வளைவு தாண்டினால் ஒதுங்கலாம் என்று இண்டிகேட்டர் போட்டுக் காட்டினேன். அந்த ஆளுக்குப் பொறுக்கவில்லை. வளைவிலேயே வலது பக்கம் ஏறி, எங்களை உரசுகிற மாதிரி முந்தினார். அவருடைய சக்கரம் வாரியடித்த சேறு என் முன்கண்ணாடி முழுக்க அப்பியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் வண்டியின் பின்பக்கம் மெல்ல இடது பக்கம் நழுவியது. நான் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் கொஞ்சம் கொடுத்தேன், வைப்பரைப் போட்டேன், காத்திருந்தேன். அம்மா “ஆண்டவரே” என்று தொடங்கி முடிப்பதற்குள் வண்டி நேரானது.

கண்ணாடி துடைபட்டபோது முன்னால் ரோடு காலியாக இருந்தது. வெள்ளை வண்டி இல்லை. சரிவின் ஓரத்தில் புல் உழுதாற்போல் கிழிந்திருந்தது. கீழேயிருந்து எஞ்சின் உறுமுகிற சத்தம் வந்தது.

வண்டியை நிறுத்தி, விளக்குகளை மினுக்கவிட்டு, இறங்கி ஓடினேன். அம்மா என்னைவிட வேகமாகச் சரிவில் இறங்கினாள். அவளுக்கு அந்தச் சேறு பழக்கம். வெள்ளை வண்டி வயல் வாய்க்காலில் மூக்கைக் குத்தி நின்றது. ஓட்டிய ஆளுக்கு ஐம்பது வயதிருக்கும், பட்டுக் கரை போட்ட வேட்டி, நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். பக்கத்தில் அவருடைய மனைவி. அந்த அம்மாவின் வலது மணிக்கட்டு தப்பான பக்கம் மடங்கியிருந்தது. நான் முதலில் எஞ்சினை அணைத்தேன். பிறகு நானும் அம்மாவும் அந்த அம்மாவைத் தூக்கி, கரைமேல் கொண்டுவந்து உட்காரவைத்தோம். அம்மா தன் தோளில் போட்டிருந்த துண்டைக் கிழித்து, ஒரு தென்னை மட்டைத் துண்டை வைத்துக் கையைக் கட்டினாள். ஆம்புலன்சுக்கு நான்தான் போன் செய்தேன். பனியில் வர நேரமாகும் என்றார்கள்.

அதற்குள் டீக்கடைப் பக்கமிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அதுவரை வாயே திறக்காத அந்த ஆள், கூட்டத்தைக் கண்டதும் பேச ஆரம்பித்தார்.

“இந்தச் செவப்பு வண்டி எங்கிட்ட ரேஸ் உட்டுக்கினு வந்துச்சுப்பா. உட்டு உட்டுப் புடிச்சுது. வளைவுல குறுக்க வந்துச்சு. நான் ஒதுங்கப்போயி கீழ எறங்கிட்டேன்.”

நான் திகைத்துப்போனேன். பொய் சொல்லும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அவர் மனைவியை நான் தூக்கிவந்து உட்காரவைத்த ஈரம் காய்வதற்குள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்ன ஆளை அன்றுதான் பார்த்தேன்.

“நான் ரெண்டாவது கியர்ல வந்தேன். சைக்கிளே என்னத் தாண்டிப் போச்சு” என்றேன்.

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். “ஸ்போர்ட்ஸ் கார வெச்சிக்கினு ரெண்டாவது கியராம்.”

“யாரு வண்டிமா இது?” என்று இன்னொருவர் கேட்டார்.

“என்னுது.”

“ஓனர் யாருன்னு கேக்கறேன்.”

“நான்தான் ஓனர்.”

அவர் என்னை நம்பவில்லை. எங்கள் ஊரின் பெரிய தெருவிலிருந்து வந்திருந்த ஒரு இளைஞனுக்கு அம்மாவை அடையாளம் தெரிந்தது. அவனுக்கு என் வயதுகூட இருக்காது. அம்மாவைப் பார்த்து, “ஏய், இது உன் பொண்ணா? காலனிக்கு இந்த வண்டி எப்பிடி வந்துச்சு?” என்றான். அம்மா அவர்கள் வீட்டு நிலத்தில் எத்தனையோ நடவு நட்டவள். அவன் பிறப்பதற்கு முன்னாலிருந்தே நட்டவள். அவளைத்தான் அவன் ‘ஏய்’ என்றான். யாரோ என் வண்டிக்குள் கைவிட்டுச் சாவியை உருவிக்கொண்டார்கள்.

அப்போதுதான் நான் கத்தினேன். அந்த இளைஞனைப் பார்த்துக் கத்தினேன். “மரியாதையாப் பேசு. என் அம்மா கையிலதான் அவங்க உசுரோட மேல வந்தாங்க. நீ வந்து வேடிக்கதான் பாத்த.” கூட்டத்தில் ஒருவர் போனில் எடுத்த வீடியோ இதுதான். போனைப் பிடித்திருந்தவர் என் முகத்தை நெருக்கத்தில் எடுத்தார். அவன் என் அம்மாவை என்னவென்று கூப்பிட்டான் என்பது அதில் இல்லை. நான் கத்துவது மட்டும் இருக்கிறது.

போலீஸ் ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி முதலில் வெள்ளை வண்டிக்காரருக்கு வணக்கம் வைத்தார். அவர் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக் கடை வைத்திருப்பவராம். எங்கள் ஊருக்கு அப்பால் தோட்டம் வாங்கியிருக்கிறாராம். அங்கே தங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாராம். அவர் சொன்னதை எல்லாம் அதிகாரி தலையாட்டிக் கேட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

“ஏம்மா, லைசென்ஸ் இருக்குதா?”

காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வண்டி வேலை தெரிஞ்சவ மாதிரிப் பேசறியாமே. ஸ்டேஷனுக்கு வா, அங்க பேசிக்கலாம்.”

“சார், ரோட்டப் பாருங்க. என் டயர் தடம் என் பக்கத்துலயே இருக்குது. அவரு தடம் எங்க ஏறியிருக்குதுன்னு பாருங்க. அந்தக் களிமண்ணப் பாருங்க.”

“எல்லாம் எங்களுக்குத் தெரியும்மா.”

அவர் ரோட்டின் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குள் கூட்டம் அந்தத் தடத்தின்மேலேயே நடந்து நடந்து அதைக் கூழாக்கிவிட்டிருந்தது.

அம்மா, கரையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் பக்கத்தில் போய்க் குந்தினாள். “நீ வண்டிலதான இருந்தம்மா. நீ சொல்லும்மா” என்றாள். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்போது அவர்மேலும் கோபம் வந்தது. கணவனைவிட அவர்மேல்தான் அதிகமாக வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அதிகாரி என்னை ஜீப்பில் ஏறச் சொன்னார். நான் ஒரு அடி எடுத்துவைத்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது. பலமில்லாத குரல்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

“அந்தப் பொண்ணு மெதுவாத்தான் போய்க்கினு இருந்துச்சு. வழி உடறேன்னு வெளக்கு கூடப் போட்டுச்சு. இவருதான் பொறுக்காம ஏறுனாரு.”

கணவர் திரும்பினார். “நீ சும்மா இரு. ஒனக்கு அடிபட்டதுல ஒண்ணும் புரியல.”

“அடி கையிலதான பட்டுது. கண்ணு நல்லாத்தான் இருக்குது. எனக்கு வலி உசுரு போவுது, இதுல பொய் வேற சொல்லத் தெம்பு இல்ல.”

போன் பிடித்திருந்தவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதிகாரி தொண்டையைச் செருமினார். சாவியை எடுத்தவர் அதை என் கையில்கூடத் தரவில்லை, வண்டிமேல் வைத்துவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். மன்னிப்பு என்ற சொல் அன்று அந்தக் கரையில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. அதிகாரி கடைசியாக ஒன்று சொன்னார்: “இருந்தாலும் இந்த மாதிரி வண்டிய இந்த ரோட்ல எடுத்துக்கினு வரலாமாம்மா?” கவிழ்ந்த வண்டியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. அந்த அம்மாவின் உதடு வெளுத்துக்கொண்டே போனது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போங்கள் என்றேன். பின்பக்கம் மரப் பலகை, குலுங்கும் என்றார்கள். அம்மா என்னைப் பார்த்தாள்.

“நீயே இட்டுக்கினு போ. நான் இங்க இருக்கறேன்.”

அந்த அம்மாவை என் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்தோம். கணவரும் வந்து கதவருகே நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். மூன்றாவது சீட்டைத் தேடினார் போலிருக்கிறது.

“எடம் இல்ல சார்” என்றேன். அன்று முழுவதிலும் நான் சந்தோஷமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

களிமண் திட்டுகளை நான் ஒவ்வொன்றாகத் தாண்டினேன். ஒரு இடத்தில் பின்பக்கம் லேசாகச் சிலிர்த்தது. அவர் திரும்பி என் காலைப் பார்த்தார்.

“வண்டி வால ஆட்டுதே?”

“பின்சக்கரம் தள்ற வண்டிம்மா. வழுக்குற எடத்துல அப்பிடித்தான் பண்ணும். அவசரப்படாம இருந்தா ஒண்ணும் ஆவாது.”

“எங்க அம்மா வீடு பிள்ளையார்பாளையம். கல்யாணம் ஆவறவரைக்கும் தறிலதான் ஒக்காந்திருந்தேன்” என்றார். “நீ கால வெக்கறது மிதிப்பலகைல வெக்கற மாதிரியே இருக்குது. கோவத்தோட மிதிச்சா இழை அறுந்துபூடும்.” கொஞ்ச நேரம் கழித்து, “நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். இவரு எதிர்க்க வாய் வரல” என்றார்.

“கடைசில சொன்னீங்க இல்லம்மா” என்றேன். அவர்மேல் வைத்திருந்த கோபத்தில் பாதிதான் அப்போது போனது. மீதிப் பாதியை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் அது அவருக்கானது இல்லை என்று இப்போது தெரிகிறது.

நெடுஞ்சாலை ஏறியதும் பனி விலகியது. காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் அவரை இறக்கி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, அவருடைய தம்பி வரும்வரை கூட இருந்தேன். எலும்பு முறிந்திருந்தது, ஆனால் சேர்ந்துவிடும் என்றார்கள்.

திரும்பி ஏரிக்கரைக்கு வந்தபோது பட்டுக் கடைக்காரர் யாருடைய வண்டியிலோ ஏறிப் போய்விட்டிருந்தார். அம்மாவும் களையெடுக்கப் போகிற இரண்டு பெண்களும் மட்டும் இருந்தார்கள். வளைவில் களிமண்மேல் வைக்கோலைப் பரப்பி, இரண்டு பக்கமும் முள்மரக் கிளைகளை நட்டு வைத்திருந்தார்கள்.

“இத்தினி பேரு வந்தாங்க. அடுத்த வண்டிக்கு அடையாளமா ஒரு கல்லு வெச்சானா எவனாவது?” என்று அம்மா பொரிந்துகொண்டிருந்தாள். கண் டாக்டரிடம் அன்று போக முடியவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் வீடியோ எல்லா போனிலும் வந்துவிட்டது. நான் கத்துவதோடு அது முடிந்துவிடும். அந்த அம்மா பேசியது அதில் இல்லை. அதையும் அந்த ஆள் எடுத்திருப்பார். போடவில்லை, அவ்வளவுதான். கம்பெனியில் மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பினார், ஏனென்றால் நான் வண்டி ஓட்டுவதை அவர் பார்த்திருக்கிறார். பார்க்காதவர்களுக்கு நான் என்ன சொல்வது? ஒவ்வொரு போனாகப் போய்த் தட்டிச் சொல்ல முடியுமா?

இரண்டு நாள் கழித்து அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: ‘கவிழ்ந்த வண்டியில் இருந்தவள் நான்தான். இந்தப் பெண்மேல் எந்தத் தப்பும் இல்லை. என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இவள்தான்.’ இடது கையால் தட்டியிருக்க வேண்டும், எழுத்துப் பிழை நிறைய இருந்தது. நான் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுநாள் பார்த்தபோது அது அழிக்கப்பட்டிருந்தது. வீடியோ மட்டும் அப்படியே இருந்தது, இன்னும் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகக் கிளம்பினோம். எங்கள் ஊர்ச் சின்ன சர்ச்சில் இல்லாமல், தாமலைத் தாண்டி உள்ள பெரிய சர்ச்சில் அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆராதனை. அம்மா மாம்பழக் கலர் புடவை கட்டியிருந்தாள். பனி கொஞ்சம்தான் இருந்தது. ஏரிக்கரையில் முன்னால் ஒரு டிப்பர் லாரி, தார்ப்பாய் இல்லாமல், கட்டி கட்டியாக மண்ணைக் கொட்டிக்கொண்டு போனது. நான் தள்ளியே போனேன். எதிரே ஒரு டிராக்டர் வந்ததால் லாரி நின்றது. நானும் நிறுத்தினேன். அம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

“அம்மா, எங்க போற?”

புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, களிமண்ணை மிதித்து நடந்து, லாரிக்கு முன்னால் போய் நின்றாள். டிரைவர் தலையை நீட்டினார்.

“இன்னாமா, வழி உடு.”

“பாயக் கட்டு. அப்புறம் போ.”

“முதலாளிகிட்ட சொல்லுமா. நான் இன்னா பண்ணுவேன்?”

“முதலாளியா மண்ணக் கொட்டிக்கினு போறான்? நீதான போற. போன வாரம் இங்க ஒரு பொம்பள கை ஒடிஞ்சிது. எம் பொண்ணு பேரு நாறிக் கெடக்குது. கட்டு.”

பின்னால் இன்னொரு லாரி வந்து ஹாரன் அடித்தது. டிராக்டர்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, “அந்தம்மா சொல்றது நாயந்தானப்பா” என்றார். நானும் இறங்கிப் போய் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். டிரைவர் எங்களைப் பார்த்தார், பின்னால் சேருகிற வண்டிகளைப் பார்த்தார், முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏறித் தார்ப்பாயை விரித்தார். பின்னால் வந்த லாரியிலும் அம்மா கட்டச் சொன்னாள். அதிலிருந்த ஆள் மறுபேச்சில்லாமல் கட்டினார்.

சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரசங்கம் பாதி முடிந்திருந்தது. அம்மா சேற்றுக் காலோடு நடு வழியில் நடந்துபோய், முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தாள்.